மழைக்காட்டுக்கு முதல் பயணம்: புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ‘காடு’ என்றால் தோட்டம்தான். என் அம்மா பல வருடம் வெளிக்காட்டு வேலை பார்த்தவர். புல்வெட்டு, மருந்தடிப்பு, உரம் போடுவது எல்லாமே ‘காட்டுல வேலை’. அதனால் ‘வெப்பமண்டல மழைக்காடு’ என்று நான் பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனத்தில் செம்பனை (பாமாயில் மரம்) நிரைகள்தான் வரும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானே ஏழு வருடம் பாடம் நடத்திய பிறகுதான் நிஜக் காட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன்.

அந்த முதல் பயணம் வீண். புலி, யானை, ராஃப்லேசியா என்ற பெரிய பூ என்று ஒரு பட்டியலோடு போனேன். நாட்டில் காட்டுப் புலிகளே 150க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்காகவா ஒன்று வந்து நிற்கும்? ரத்தம் குடிக்கும் அட்டையையும் பச்சையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். கைப்பேசி நிறையப் படம் இருந்தது, ஒரு பாடவேளைக்கு உதவும் கணக்கு ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது பயணத்தில் வேறு மாதிரி செய்தோம். காட்டுக்குப் போவதற்கு முன்பு தோட்டத்தை அளந்தோம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தப் பயணத்தில் கற்றவை. மாணவர்களை அழைத்துப் போவதற்கு முன் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் மட்டும் போய்வருகிற பயணம் இது. பிள்ளைகளோடு போனால் தலையை எண்ணவே நேரம் சரியாக இருக்கும், கற்றுக்கொள்ள முடியாது.

படி 1: வீட்டுப் பின்னால் ஒரு சதுரம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டி எடுங்கள். அதற்குள் ஐந்து வேலை.

முதலாவது, மரங்களை எண்ணுவது. செம்பனையைப் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம் வரும். உங்கள் சதுரத்தில் ஆறு மரம் இருக்கலாம், எல்லாம் ஒரே இனம், ஒரே வயது. இரண்டாவது, நிழலில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் வெப்பநிலை பார்ப்பது. மூன்றாவது, கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலியை இறக்கி, தரையில் வைத்துப் படிப்பது. நான்காவது, தரையில் கிடக்கும் சருகின் தடிமனை அடிக்கோலால் பார்ப்பது.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய மைலோ டின் ஒன்றின் இரு பக்கமும் வெட்டிவிடுங்கள். பாதி மண்ணில் இறங்கும்படி அழுத்தி, அளந்த தண்ணீரை ஊற்றி, உறிஞ்சி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். குலை ஏற்றும் வண்டி போய்வந்து இறுகிய பாதையில் நாங்கள் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. பிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்து முடித்தோம், அப்போதும் பாதித் தண்ணீர் டின்னில் இருந்தது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காட்டில் இதே ஐந்தைத்தான் செய்யப்போகிறீர்கள். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

படி 2: எங்கே, எப்போது

சுங்கை சிப்புட்டிலிருந்து போக எனக்குத் தோன்றும் நல்ல இடம் ரோயல் பெலும். பேராக் மாநிலத்தின் வடகோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டி 117,500 ஹெக்டர். 2007ல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் பதிவானது. தாமான் நெகாரா தேசியப் பூங்கா இன்னும் பெரியதுதான், ஆனால் நமக்குத் தூரம். பெலும் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் படி 4ல் சொல்கிறேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்காட்டில் மழை பெய்வது பாடம்தான், ஆனால் மூன்று நாளும் படகு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சீட்டுத்தான் ஆடலாம். பிப்ரவரி, மார்ச் அல்லது ஜூன், ஜூலைப் பள்ளி விடுமுறை நாட்களாகப் பாருங்கள். மூன்று நாள், இரண்டு இரவு போதும்.

படி 3: அனுமதியும் வழிகாட்டியும்

ரோயல் பெலும் பூங்காவுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். படகு ஏற்பாடு செய்பவர்களே பெரும்பாலும் விண்ணப்பித்துக் கொடுப்பார்கள்; அடையாள அட்டை நகலை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். விலை கேட்கும்போது ‘அனுமதிக் கட்டணம், படகு எண்ணெய், வழிகாட்டி எல்லாம் சேர்த்தா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போய், படகுத்துறையில் நின்றுகொண்டு ஆளுக்கு எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் பார்த்தோம்.

வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: நாங்கள் ஆசிரியர்கள், மெதுவாக நடப்போம், ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவோம். சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு நாளில் அருவி, ராஃப்லேசியா, விலங்குகள் உப்புக்கு வரும் உப்புச்சுனை என்று மூன்று இடம் காட்டிப் பழகியவர்கள் அவர்கள். சொல்லாவிட்டால் நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

பை விஷயத்தில் சுருக்கமாக: பென்சில் (பேனா மை ஈரத்தில் கரைந்து என் முழு நாள் கணக்கும் போனது), தண்ணீர் புகாத பை, வெப்பமானி, அளவு நாடா, கயிறு, மைலோ டின், அட்டை ஏறாமல் தடுக்கும் காலுறை. காலணிக்கு இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்காதீர்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள் (ரப்பர் பால் எடுப்பவர்கள்) போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்வோமே, அதைவிடக் காட்டில் நல்ல பிடிப்புள்ளது எதையும் நான் பார்க்கவில்லை. நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.

படி 4: சாலையில் தொடங்கும் பாடம்

வேனில் ஏறியதும் தூங்கிவிடாதீர்கள். கோலகங்சாரிலிருந்து கிரிக் வரை நீங்கள் போவது பேராக் ஆற்றின் மேல்திசையில். பெலும் பகுதியில் பெய்யும் மழைதான் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என்று நான்கு அணைகளைத் தாண்டி கோலகங்சார் வழியாக இறங்குகிறது. நம் ஊர் சுங்கை பிளஸ் ஆறும் கடைசியில் போய்ச் சேர்வது அந்த ஆற்றில்தான். வடிநிலம் (ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் நிலப்பரப்பு) என்ற சொல்லைப் படம் போட்டு விளக்குவதைவிட, ஒரு வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் போய்வருவது மேல்.

கோலகங்சாரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877ல் இங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. அதற்கு முந்தைய வருடம் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்தது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த மரம், உண்மையில் ஒரு மழைக்காட்டு மரம்! அமேசானில் அது கூட்டமாக நிற்பதில்லை. ஒன்று இங்கே, அடுத்தது எங்கோ தள்ளி. அங்கேயே அதை நிரையாக நட்டுப் பார்த்தவர் ஹென்றி ஃபோர்டு. 1928ல் ஆரம்பித்தார், இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவியதில் 1945ல் நிலத்தையே கைவிட்டார்கள். அந்தப் பூஞ்சை மலேசியாவுக்கு வரவில்லை, அதனால் இங்கே நிரை பிழைத்தது. ஓரினப் பயிர் என்றால் என்ன ஆபத்து என்பதற்கு இதைவிட நம் வீட்டுக்கு நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லெங்கோங் பள்ளத்தாக்கில் இறங்க நேரமிருந்தால் இறங்குங்கள். 2012ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே கோத்தா தம்பானில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பலுக்கிடையே கற்கருவிகள் கிடைத்தன. கிரிக்கில் பெட்ரோலும் சாமானும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். ‘யானை கடக்கும் இடம்’ என்ற பலகை அங்கே அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

படி 5: காட்டுக்குள் அதே சதுரம்

பண்டிங் தீவு படகுத்துறையிலிருந்து படகு. ஏரி நடுவே மொட்டை மரங்கள் நிற்கும். 1970களில் தெமெங்கோர் அணை கட்டியபோது மூழ்கிய காடு அது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மனிதன் செய்த நிலத்தோற்றம்.

இரண்டாம் நாள் காலை, வழிகாட்டி சொல்லும் இடத்தில், பாதையோரமாக 20க்கு 20 சதுரம். செடிகொடியை வெட்டாமல் கயிற்றை மட்டும் சுற்றுங்கள். மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், 10 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள மரங்களை மட்டும் எண்ணுங்கள். சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு வந்துவிடும். பலகை வேர் உள்ள மரமானால் வேருக்கு மேலே அளக்க வேண்டும். பெயர் தெரியவில்லையே என்று தவிக்காதீர்கள். ‘பட்டை உரியும் மரம்’, ‘சிவப்புப் பட்டை’, ‘பிசின் வடியும் மரம்’ என்று நீங்களே பெயர் வையுங்கள். எத்தனை வகை என்று தெரிந்தால் போதும். நெகிரி செம்பிலானில் பாசோ காட்டின் 50 ஹெக்டர் ஆய்வு நிலத்திலேயே 800க்கு மேற்பட்ட மர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் நம் ஆறு செம்பனையை வைத்துப் பாருங்கள்.

பிசின் வடியும் மரத்தைக் கண்டால் ஒரு துளியை முகர்ந்து பாருங்கள். மெராந்தி வகை மரங்களின் டாமார் அது. நம் வீட்டில் புகை போடும் குங்கிலியமும் இதே குடும்பம்தான். தேன்கூடு தொங்கும் துவாலாங் மரம் 80 மீட்டரையும் தாண்டும். அது புளியமரத்தின் சொந்தக்காரன். இப்படி வீட்டோடு ஒரு தொடர்பு காட்டிவிட்டால் பிள்ளைகளுக்குக் காடு அந்நியமாக இராது.

உயரம் அளக்க ஒரு பாகைமானியின் மையத்திலிருந்து நூலில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு வழியாக மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நூல் 45 பாகையில் விழும் இடம்வரை பின்னோக்கி நடங்கள். அங்கிருந்து மரத்துக்குள்ள தூரத்தோடு உங்கள் கண்மட்ட உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். டான், சைன் எதுவும் வேண்டாம். ஒரு சிக்கல்: காட்டுக்குள் உச்சி பெரும்பாலும் தெரியாது. ஏரிக்கரையில் நிற்கும் மரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

வெப்பநிலை, ஒளி, சருகு, மைலோ டின் எல்லாம் தோட்டத்தில் செய்த அதே நேரத்தில், அதே முறையில். டின்னை மண்ணில் அழுத்த வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் அடுக்கின் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். தண்ணீரை ஊற்றிவிட்டு நேரம் பார்க்கக் கடிகாரத்தைத் திருப்பினேன். அதற்குள் பாதி காணோம்.

சருகு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. உடன் வந்த டீச்சர், “இவ்வளவு பெரிய காட்டுக்கு இவ்வளவு மெல்லிய சருகா? ஏதோ தப்பாக அளந்துவிட்டோம் சார்” என்றார். அளந்தது சரிதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்து இலையை வேகமாக மக்கவைக்கின்றன, வேர்களும் பூஞ்சைகளும் சத்தை உடனே வாங்கிக்கொள்கின்றன. சத்து மண்ணில் சேர்வதில்லை, மரத்தில்தான் இருக்கிறது. ‘மண் வளமாக இருப்பதால் காடு செழிக்கிறது’ என்று விடைத்தாளில் பிள்ளைகள் எழுதுகிறார்களே, நானும் சில வருடம் அதற்குச் சரி போட்டிருக்கிறேன். மண்ணைக் காண நீங்கள் குழி தோண்ட வேண்டியதில்லை. வேரோடு சாய்ந்த மரம் ஒன்றைத் தேடுங்கள். மேலே கொஞ்சம் கறுப்பு, அதற்குக் கீழே எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும்.

படி 6: கிராமத்துக்குப் போகும்போது

பெலும் பகுதியில் ஜஹாய், தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் பெத்தாய்க் காய் விற்கிறவர்களில் சுங்கை பிளஸ் மேல்பக்கத்துத் தெமியாரும் உண்டு, நமக்குப் புதியவர்கள் அல்லர். கிராமத் தலைவரிடம் கேட்ட பிறகே உள்ளே போங்கள், குழந்தைகளைப் படமெடுக்காதீர்கள். மிட்டாய்ப் பொட்டலம் வேண்டாம். அரிசி, எண்ணெய் கொண்டுபோவதானால் தலைவர் கையில் கொடுங்கள். அவர்களிடம் கேட்க எங்களிடம் ஒரே கேள்விதான் இருந்தது: அணை வருவதற்கு முன்பு ஆறு எந்தப் பக்கமாக ஓடியது? ஒரு முதியவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். என் குறிப்பேட்டில் இருக்கும் வரைபடங்களில் நான் அதிகம் பயன்படுத்துவது அதுதான்.

படி 7: திங்கட்கிழமை வகுப்பில்

படங்களைக் காட்டாதீர்கள், அது பிறகு. பலகையில் இரண்டு சதுரம் வரையுங்கள். ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் பெயர் போட்டு, ஐந்து அளவுகளையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். எது எங்கே என்று பிள்ளைகள் சொல்லட்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர், சருகு குறைவாக இருந்ததைத் தோட்டம் என்றார்கள். காட்டில் இலை குவிந்து கிடக்கும் என்பது அவர்கள் எண்ணம். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் மர எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கை தூக்கினான்.

“சார், அந்த ஆறு மரம் இருக்கிறதுதான் எங்க வீட்டுப் பின்னால. தண்ணி நிக்குதுன்னு போட்டிருக்கீங்களே, மழை பெஞ்சா எங்க லயத்து வீட்டு வாசல் வரைக்கும் அப்படித்தான் நிக்கும்.”

அடுத்த பாடவேளையை வெள்ளத்துக்கு ஒதுக்கினேன்.