போர்ட் (சபை, கூட்டுத்தாபன) வேலைக்கு மாறப் போறீங்களா? சம்பளத்த மட்டும் பாத்து நம்மாளுங்க விடுற பிழைகள்

நம்ம இலங்கையில முப்பத்தஞ்சு நாப்பது வயசுல டீச்சராவோ டிஎஸ் ஒஃபிஸ்லயோ (பிரதேச செயலகம்) தோட்டத்து ஒஃபிஸ்லயோ இருக்குறவங்களுக்கு திடீர்னு ஒரு யோசனை வரும், தண்ணி போர்ட்டுக்கோ தேயிலைச் சபைக்கோ ஏதாவது அதிகார சபைக்கோ போனா மாசத்துக்கு இருபது முப்பதாயிரம் கூட வருமேன்னு. யோசனை தப்பில்ல. போறதும் தப்பில்ல. கையில எவ்வளவு கூடுதுன்னு கணக்கு பாக்குறவங்க எதை விட்டுட்டு போறோம்னு பாக்குறதில்ல, அங்கதான் எல்லாப் பிழையும் தொடங்குது.

பெரிய பிழை பென்ஷன்ல. திணைக்களம் வேற, சபை கூட்டுத்தாபனம் வேற. ரெண்டையும் நாம "கவர்மென்ட் வேலை"ன்னுதான் சொல்றோம், ஊர்ல பொண்ணு கேக்க வர்றவங்களுக்கும் ரெண்டும் ஒண்ணுதான், ஆனா திணைக்களத்துல நிரந்தர நியமனம்னா பொதுவா பென்ஷன், போர்ட்னா பொதுவா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி). ஈபிஎஃப்புக்கு உங்க சம்பளத்துல 8 வீதம் வெட்டுவாங்க, நிறுவனம் 12 வீதம் போடும், ஈடிஎஃப்புக்கு நிறுவனமே தனியா 3 வீதம் போடும். லட்ச ரூபா சம்பளம்னா மாசம் 23,000 உங்க பேர்ல சேரும், நல்ல காசுதான், ஆனா அதுல 8,000 உங்க கையில இருந்து போறது. அதோட அது ஒரு தடவை எடுத்தா முடிஞ்சு போற காசு, பென்ஷன் சாகுற வரைக்கும் வரும், அதுக்குப் பிறகு புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ போகும். பென்ஷனுக்கு குறைஞ்சது 10 வருஷம் சர்வீஸ் வேணும், ஒன்பதாவது வருஷத்துல அவசரப்பட்டு ரிசைன் பண்ணிட்டுப் போறவங்களும் இருக்காங்க. பத்து தாண்டிட்டேன் எனக்குப் பயமில்லன்னும் சொல்ல வேணாம், ரிசைன் பண்றதும் முறையா விடுவிப்பு வாங்கிப் போறதும் ஒண்ணில்ல, ரிசைன் பண்ணா பழைய சர்வீஸ்க்கான பென்ஷன் உரிமையே போயிரும். முதல்ல வீட்டு அலமாரியில இருக்குற உங்க நியமனக் கடிதத்த எடுத்து பென்ஷன் பத்தி என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க, நெறைய பேரு அத வாங்கின அன்னைக்குப் பிறகு பிரிச்சே பாத்திருக்க மாட்டாங்க.

அடுத்தது சம்பளக் கணக்கு. 2025 ஏப்ரல்ல அரச சேவையில ஆகக் குறைஞ்ச பேசிக் 24,250ல இருந்து 40,000 ஆச்சு இல்லையா, ஆனா அந்தக் கூடின காசு முழுசா ஒரே நேரத்துல குடுக்கல, 2025, 2026, 2027ன்னு கட்டம் கட்டமா குடுக்குற மாதிரிதான் போட்டாங்க. அதனால பழைய பே ஸ்லிப்ப ஒரு கையிலயும் போர்ட் விளம்பரத்த இன்னொரு கையிலயும் வெச்சுக்கிட்டு ஒப்பிட்டா கணக்கு பிழைக்கும், உங்க 2027 பேசிக் எவ்வளவுன்னு சம்பளப் பகுதியில கேட்டு அதோட ஒப்பிடுங்க. வரியும் இருக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து மாசம் 150,000க்கு மேல போறதுக்குத்தான் வரி, எலவன்ஸ் எல்லாம் சேத்துத்தான் பாப்பாங்க. 200,000 எடுத்தா 3,000 போகும், 250,000 எடுத்தா கிட்டத்தட்ட 8,000 போகும். அது தாங்கலாம். தாங்க முடியாதது கொழும்பு போடிங். அட்டனிலயோ தலவாக்கலையிலயோ வீட்டுல இருந்து நடந்து போய் வேலை செஞ்சவரு பத்தரமுல்லையில ரூம் எடுத்து கடையில சாப்பிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவிசாவளை கினிகத்தேனை வழியா பஸ்ல நின்னுக்கிட்டே வந்து ஞாயித்துக்கிழமை திரும்பப் போனா அந்த முப்பதாயிரம் எங்க போச்சுன்னே தெரியாது. போஸ்டிங் எங்கன்னு இன்டர்வியூலயே கேளுங்க, கேட்டா வேலை தராம விட்ருவாங்கன்னு பயப்பட வேணாம்.

விண்ணப்பத்த நேரடியா அனுப்புறது இன்னொண்ணு. ஏற்கனவே அரச சேவையில இருக்குறவங்க திணைக்களத் தலைவர் ஊடாத்தான் அனுப்பணும். அந்த ஃபோம்ல கடைசிப் பக்கத்த பாருங்க, "தெரிவு செய்யப்பட்டால் சேவையிலிருந்து விடுவிக்க முடியும் / முடியாது"ன்னு ஒரு வரி இருக்கும், அதுல மேலதிகாரி எந்தச் சொல்ல வெட்டுறாருங்கிறதுலதான் உங்க விதி. கணிதம் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர்மார விடுவிக்க கல்வி வலயத்துக்கு மனசு வராது, தமிழ் மீடியத்துல ஆள் இல்ல, அதுவும் ஒரு வகையில நியாயந்தான், நம்ம பிள்ளைங்கதானே அங்க படிக்குது. அதனால குளோசிங் டேட்டுக்கு மூணு நாளைக்கு முன்ன கொண்டுபோய் மேசையில வெச்சுட்டு வராதீங்க, கோட்டம், வலயம், மாகாணம்னு அது ஏறணும். நேரத்தோட குடுங்க, குடுத்த தேதிய சீல் அடிச்சு ஒரு கொப்பியில வாங்கி வெச்சுக்கங்க, முற்பிரதி, அதாவது முன்கூட்டியே நேரடியா அனுப்புற கொப்பி, ஏத்துக்குவாங்கன்னு விளம்பரத்துல இருந்தா அதையும் அனுப்புங்க.

புது இடத்துல கடிதம் வந்துருச்சுன்னு பழைய இடத்துல எழுத்துல ஒண்ணும் இல்லாம போயிராதீங்க. "நாளைக்கு ரிலீஸ் தர்றேன்"னு சேர் வாயால சொன்னது செல்லாது. கையில விடுவிப்புக் கடிதம் இல்லாம வராம நின்னா பதவிய விட்டுட்டுப் போனதா எழுதிருவாங்க, அது ஃபைல்ல ஏறினா கழுவவே முடியாது.

சம்பளத்துல வெட்டுற இடர் கடன் (டிஸ்ட்ரெஸ் லோன்) எடுத்திருந்தா அதையும் யோசிங்க. பாக்கிய கட்டாம போனா பிணைக்கு கையெழுத்து வெச்ச ரெண்டு பேரு சம்பளத்துலதான் வெட்டுவாங்க, பிறகு ஊருக்குள்ள முகம் பாத்துப் பேச முடியாது.

சிங்களம். நுவரெலியாவுல தமிழ்லயே ஒஃபிஸ் வேலைய ஓட்டிரலாம், கொழும்பு தலைமை ஒஃபிஸ்ல மெமோ, மீட்டிங், ஃபைல்ல எழுதுற குறிப்பு எல்லாம் சிங்களத்துல ஓடும். கடையில பேசுற சிங்களம் அங்க உதவாது, எழுதத் தெரியணும். ரெண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சிய குறிச்ச காலத்துக்குள்ள எடுக்காட்டி இன்கிரிமென்ட்டும் நிக்கும். போறதுக்கு ஆறு மாசம் முன்னயே தொடங்குங்க.

தோட்டத்து கிளாக்கர்மார், டீமேக்கர்மார், ஃபீல்ட் ஒஃபிசர்மார் கணக்கு வேற. அஞ்சு வருஷம் முடிஞ்சிருந்தா 1983ம் ஆண்டு 12ம் இலக்க சட்டப்படி ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாசச் சம்பளம் பணிக்கொடை உண்டு, நாலு வருஷமும் பத்து மாசமும்னா ஒண்ணுமில்ல, ரெண்டு மாசம் பொறுக்க முடிஞ்சா பொறுங்க. கேட்டு எழுதி வாங்காம வந்துட்டு பிறகு தொழில் திணைக்களத்துக்கு அலையிறதவிட கடைசி நாளுக்கு முன்ன கணக்கு பாத்துக்குறது நல்லது. அதவிடப் பெருசு குவாட்டஸ். வேலைய விட்டா வீட்டையும் விடணும், அம்மா அப்பா பிள்ளைங்க எல்லாரும் அதுலதான் இருக்காங்க, ஸ்கூல் தவணை நடுவுல எங்க போறது? சாவி எப்ப குடுக்கணும்னு மெனேஜர்கிட்ட எழுத்துல கேளுங்க.

அதோட பேரு. பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, ஐடியில ஒரு பேரு, ஈபிஎஃப்ல கிளாக்கர் எழுதிவிட்ட இன்னொரு பேரு, சிலருக்கு பிறப்புப் பதிவே இல்லாம உத்தேச வயதுப் பத்திரம் மட்டுந்தான். புது இடத்துல ஃபைல் புதுசா திறக்குறப்ப இதெல்லாம் ஒவ்வொண்ணா வெளியில வரும். விண்ணப்பிக்கிறதுக்கு முன்ன இதெல்லாம் சரி பண்ணிருங்க, அது ரெண்டு நாள்ல முடியுற வேலை இல்ல.

கடைசியா, முதல் மாசச் சம்பளம் நேரத்துக்கு வரும்னு நம்பி சீட்டு கட்டுறேன், லீசிங் எடுக்குறேன்னு இறங்காதீங்க. பழைய ஒஃபிஸ்ல இருந்து கடைசிச் சம்பள விபரம் போய்ச் சேரணும், அது சில நேரம் ரெண்டு மாசம் கூட இழுக்கும், அதுவரைக்கும் போடிங் காசும் சாப்பாட்டுக் காசும் கையில வெச்சுக்கிட்டு பஸ் ஏறுங்க.