"என்.டி." என்ற இரண்டு எழுத்தை நம்பியவர்களுக்கு: அமெரிக்க, ஐரோப்பிய உணவுத் தரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், எள் ஏற்றுமதியில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் ஓர் ஆய்வக அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணே, நியூ ஜெர்சிக்குப் போன லாட்டில் 180 மூட்டை மீதம் இருக்கிறது. அமெரிக்காவே ஏற்றுக்கொண்ட சரக்கு. இதே ரிப்போர்ட்டை வைத்து ஜெர்மனிக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தர ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இத்தகைய கேள்விகள் எனக்குப் புதியவை அல்ல. ஆனாலும் இதைப் படித்ததும் கோபம் வந்தது. தம்பியின் மேல் அன்று. 2020-ஆம் ஆண்டில் இதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு, "அனுப்பலாம்" என்று பதிலும் சொல்லிக்கொண்ட என் மேல்தான்.

லேபிளில் எழுத்துப் பிழை, தேதி மாறிப்போவது, முகவரி விடுபடுவது ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சுங்கத் தரகரே கண்டுபிடித்துவிடுவார். இரு பக்கத்துத் தரங்களும் வேறுபடுகிற இடங்களில், விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பா கண்டிப்பு, அமெரிக்கா தாராளம் என்று முடிவு கட்டிவிடுவது

பாதி உண்மையாக இருப்பதுதான் இந்த எண்ணத்தின் ஆபத்து. வற்றல் மிளகாயில் அஃப்லாடாக்சின் நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு, பி1 வகைக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அது மொத்தமாக 20. இதைப் பார்த்தவர்கள், ஐரோப்பாவுக்குத் தேறிய சரக்கு அமெரிக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நிறமிகளில் கதை தலைகீழ். கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகிய சிவப்பு நிறமிகளை ஐரோப்பா, குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகத்தோடு 2010 ஜூலை முதல் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் அந்த இரண்டையும் உணவில் சேர்க்கவே கூடாது. டார்ட்ரசின் மஞ்சள் இரண்டு இடத்திலும் செல்லும். ஆனால் அமெரிக்காவுக்கு, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. தொகுதிவாரியாகச் சோதித்துச் சான்றளித்த நிறமியைத்தான் பயன்படுத்த வேண்டும். அங்கே அதன் பெயர் 'யெல்லோ 5', ஐரோப்பாவில் 'இ 102'. பூச்சிமருந்திலும் இப்படித்தான்: ஒரு பயிருக்கு வரம்பு எதுவும் வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பா பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. அமெரிக்காவிலோ, வரம்போ விலக்கோ வகுக்கப்படாத மருந்தின் எச்சம் தெரிந்தாலே அது விதிமீறல்.

இரு தரப்பும் கேட்கும் கேள்விகளே வேறு. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, பாதுகாப்பானது என்று வல்லுநர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பொருளுக்கு முன் அனுமதி தேவையில்லை. அதை உற்பத்தியாளரே தீர்மானித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஐரோப்பாவில், மாட்டுப் பித்து நோய்க்கும் டையாக்சின் நஞ்சு கலந்த கோழித் தீவனத்துக்கும் பிறகு வந்த 2002-ஆம் ஆண்டின் பொது உணவுச் சட்டம், சந்தேகம் தீராத நிலையிலும் முன்னெச்சரிக்கையாகத் தடுக்கலாம் என்கிறது. டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி ஐரோப்பாவில் 2022-இல் தடைசெய்யப்பட்டது, அது தீங்கு செய்கிறது என்று நிரூபணமானதால் அன்று. மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதால். அமெரிக்காவில் அதே நிறமி உணவின் எடையில் 1 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. இதில் யார் சரி என்று தேநீர்க் கடையில் வாதிடலாம். கன்டெய்னரை ஏற்றும்போது வாதிடக் கூடாது.

"என்.டி." என்பதைப் பார்த்ததும் கையெழுத்துப் போடுவது

இந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலை பெரிது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எள்ளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வருவது இயல்பு. களத்தில் காய்கிறது, பறவை வருகிறது, எலி வருகிறது. அமெரிக்கக் கொள்முதலாளர்கள் கிருமி நீக்கிய சரக்கையே கேட்பார்கள். அதற்கு மலிவான வழியாக, மூடிய அறையில் மூட்டைகளை அடுக்கி எத்திலீன் ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். எங்கள் பேச்சில் அது 'ஈ.டி.ஓ. போட்ட சரக்கு'. எள்ளின் நிறம் மாறாது, மணம் குறையாது. அமெரிக்காவில் எள்ளுக்கும் பெரும்பாலான உலர் மசாலாக்களுக்கும் இது அனுமதிக்கப்பட்ட முறை. எச்சம் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஐரோப்பாவில் 1991 முதல் இதற்கு இடமில்லை. எள்ளுக்கு வரம்பு 0.05 மில்லிகிராம், மசாலாவுக்கு 0.1.

7-க்கும் 0.05-க்கும் உள்ள தூரம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தவறு நடந்தது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில், அமெரிக்க ஆர்டருக்காக ஈ.டி.ஓ. போட்ட தோல் நீக்கிய எள்ளில் ஒரு பகுதி மீந்தது. ஐரோப்பிய ஆர்டர் ஒன்றில் அதே அளவு குறைந்தது. ஆய்வக அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரியில் "எத்திலீன் ஆக்சைடு" என்றும், அதற்கு நேராக "என்.டி.", அதாவது கண்டறியப்படவில்லை என்றும் இருந்தது. 0.05 என்ன, எதுவுமே இல்லையே என்று நினைத்து, பச்சை மையில் கையெழுத்திட்டேன். ஆகஸ்ட்டில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பியது.

அந்த அறிக்கை பொய் அன்று. எத்திலீன் ஆக்சைடு வாயு. காற்றோட்டமாக வைத்தால் சில நாள்களில் பெரும்பகுதி பறந்துவிடும். ஆனால் போகும் முன், உணவில் உள்ள குளோரைடுடன் சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்ற பொருளாக மாறித் தங்கிவிடுகிறது. அது அவ்வளவு எளிதில் போகாது. ஐரோப்பா அளப்பது வாயுவை மட்டும் அன்று. இந்த இரண்டையும் கூட்டி, எத்திலீன் ஆக்சைடு கணக்கில் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. அமெரிக்கா இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அந்த இரண்டாவது பொருளுக்கு அங்கே வரம்பு 940 மில்லிகிராம். போதாக்குறைக்கு, அமெரிக்க ஆவணங்களில் அதன் பெயர் எத்திலீன் குளோரோஹைட்ரின். இரண்டு பெயரும் ஒரே பொருளுக்குரியவை என்பதே அன்று எனக்குத் தெரியாது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2-குளோரோஎத்தனால் அளவை 0.55-ஆல் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடு கணக்கு வரும். கிலோவுக்கு 6 மில்லிகிராம் இருந்தால், 6 பெருக்கல் 0.55, அதாவது 3.3. அமெரிக்காவின் 940-க்கு முன் அந்த 6 கண்ணில் படாத தூசி, ஐரோப்பாவின் 0.05-க்கு முன் அதே சரக்கு 66 மடங்கு மீறல். எங்கள் சரக்கும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றது.

அந்தச் செப்டம்பரில்தான் பெல்ஜியம், இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஐரோப்பிய எச்சரிக்கை வலையமைப்பில் அறிவித்தது. அக்டோபர் 26 முதல், இந்திய எள் சரக்குகளில் பாதியை எல்லையிலேயே சோதிக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. எங்கள் மூட்டைகளில் சில அதற்குள் ஒரு ரொட்டிக் கூடத்துக்குப் போய், பன்களின் தலையில் தூவப்பட்டுவிட்டன. பன்னில் எள் எவ்வளவு இருந்துவிடப் போகிறது, கலந்த பிறகு அளவு வரம்புக்குள் வந்துவிடுமே என்று நான் மின்னஞ்சலில் வாதிட்டேன். அந்த வாதம் அங்கே செல்லாது; மீறிய மூலப்பொருள் கலந்த பண்டமும் திரும்பப் பெறப்பட வேண்டும் என்றார்கள். 2021 கோடையில் ஐஸ்கிரீமில் மிகச் சிறிய அளவே சேர்க்கப்படும் லோகஸ்ட் பீன் கோந்தில் இதே எச்சம் இருந்ததற்காக நாடு நாடாக ஐஸ்கிரீம் திரும்பப் பெறப்பட்டபோது, என் மின்னஞ்சலை நினைத்து வெட்கப்பட்டேன். கொள்முதலாளர் அனுப்பிய பிடித்தக் கணக்கில், எள்ளின் விலையைக் காட்டிலும் பன்களைத் திரும்பப் பெற்று அழித்த செலவுதான் பெரிதாக இருந்தது.

அமெரிக்கா இந்த வாயுவின் ஆபத்தை அறியாமல் அனுமதிக்கவில்லை. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2016-இல் எத்திலீன் ஆக்சைடைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. ஒரு தட்டில் சால்மோனெல்லாவையும் மறு தட்டில் எச்சத்தையும் வைத்து நிறுக்கிறார்கள். ஐரோப்பா, கிருமியை நீக்க நீராவி இருக்கிறதே என்கிறது. நீராவியில் எள்ளின் நிறம் லேசாக மங்கும், செலவும் கூடும். ஐரோப்பிய ஆர்டரின் விலையைப் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆகவே ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது, "எத்திலீன் ஆக்சைடு பாருங்கள்" என்று எழுதாதீர்கள். "எத்திலீன் ஆக்சைடு, 2-குளோரோஎத்தனால் இரண்டின் கூட்டுத்தொகை" என்று எழுதுங்கள். அறிக்கை வந்தவுடன், "என்.டி." என்பதற்கு அருகில் எந்த அளவு வரை கருவியால் காண முடியும் என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண் 0.05-ஐ விடப் பெரிதாக இருந்தால், அந்த "என்.டி." உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

கடுகை மறப்பது

அமெரிக்காவில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் 9. எள் அதில் 2023 ஜனவரி 1 அன்றுதான் சேர்ந்தது. ஐரோப்பாவில் 14, கடுகும் செலரியும் உட்பட. நம் ஊறுகாயில் கடுகு இல்லாத புட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்க லேபிளை அப்படியே ஒட்டினால் ஐரோப்பாவில் அது அறிவிக்கப்படாத ஒவ்வாமைப் பொருள் ஆகிவிடும். மேலும் அமெரிக்காவில் பட்டியலுக்குக் கீழே "இதில் அடங்கியவை" என்று தனி வரி போடலாம்; ஐரோப்பாவில் பொருள் பட்டியலுக்குள்ளேயே அந்தச் சொல்லைத் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுத்துக்காட்ட வேண்டும், தனி வரி கூடாது.

ஊட்டச்சத்து அட்டவணையை நகலெடுப்பது

அமெரிக்கா ஒரு வேளைப் பரிமாறும் அளவுக்குக் கேட்கிறது, ஐரோப்பா 100 கிராமுக்கு. அமெரிக்காவில் சோடியம், ஐரோப்பாவில் உப்பு; அதற்குச் சோடியத்தை 2.5-ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்க மாவுச்சத்துக் கணக்கில் நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பியக் கணக்கில் இல்லை.

"எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது"

அப்படி ஓர் அங்கீகாரம் உங்கள் மசாலா ஆலைக்குக் கிடையாது. இருப்பது பதிவு மட்டுமே. அதையும் இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். பொன்னிற முத்திரையோடு சட்டமிட்டுத் தரப்படும் சான்றிதழ் ஏஜென்ட் அச்சடித்தது.

பிரிட்டனை ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்த்து எண்ணுவது

கூடாது. டைட்டானியம் டையாக்சைடு தடை லண்டனுக்குச் செல்லவில்லை.

பொடியில் நெய் சேர்த்துவிட்டு மசாலா என்று அறிவிப்பது

வேண்டவே வேண்டாம். பால், முட்டை, இறைச்சி எது சேர்ந்தாலும் ஐரோப்பாவில் அது வேறு சட்டம், அனுமதிபெற்ற ஆலைகளின் பட்டியல் வேறு.

மீந்த மூட்டைகளைக் கலந்து அடுக்குவது

தோற்றத்தில் ஈ.டி.ஓ. போட்ட எள்ளும் போடாத எள்ளும் ஒன்றுதான். கையில் அள்ளி முகர்ந்தாலும் வேறுபாடு தெரியாது. ஆகவே சரக்கு வாயு அறையிலிருந்து வெளியே வரும் நொடியிலேயே மூட்டையில் சிவப்பு நூலால் வாய் தைத்துவிடச் சொல்கிறேன். காகித ஒட்டு கிழிந்துவிடும், நூல் கிழியாது. தம்பியின் கிடங்கில் இந்த வழக்கம் இல்லை. 180 மூட்டையில் எவை எந்த லாட் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்துக் கூட்டுத்தொகை பார்க்கச் சொன்னேன். ஆறாம் நாள் அறிக்கை வந்தது: வாயு "என்.டி.", கூட்டுத்தொகை 1.9. மூட்டைகள் இப்போது நியூ ஜெர்சிக்கே, கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைத்து, போய்க்கொண்டிருக்கின்றன.