பெருத்த புராஸ்டேட்டுக்குத் தமனி அடைப்புச் சிகிச்சை: தயாராகும் முறை

புராஸ்டேட் சுரப்பி புற்றுநோய் இல்லாமலே பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, மாத்திரை போதாமலும் அறுவை சிகிச்சைக்கு மனம் ஒப்பாமலும் இருப்பவர்கள் தமனி அடைப்புச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கலாம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, சுரப்பிக்கு இரத்தம் கொண்டுபோகும் கிளைகளை மணலைவிட நுண்ணிய உருண்டைகளால் அடைப்பதே இதன் முறை. இரத்தம் குறைந்த சுரப்பி மெல்லச் சுருங்குகிறது.

முதலில் யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) மருத்துவரைப் பாருங்கள். அறிகுறிகளை 0 முதல் 35 வரை மதிப்பிடும் வினாத்தாளை நிரப்பி, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் சில நாட்கள் குறித்துக்கொண்டு போனால், பேச்சு ஊகத்தில் நிற்காது. சிறுநீர் வேகம், கழித்த பின் பையில் தங்கும் அளவு, புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை ஆகியவை அவசியம். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே இந்த வழியை யோசிக்க வேண்டும். சிறுநீர்ப்பைத் தசையே தளர்ந்திருந்தால், சுரப்பி சுருங்கினாலும் பயன் குறைவாகவே இருக்கும் என்பதால், அப்படித் தளர்ந்திருக்கிறதா என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, கதீட்டர் வழியே சிகிச்சை செய்யும் கதிரியக்க மருத்துவர் சிடி ஆஞ்சியோகிராம் போன்ற படங்களில் தமனிகளின் போக்கை ஆராய்வார். தமனிகள் மிகவும் வளைந்தோ கொழுப்பு படிந்து சுருங்கியோ இருந்தால் கதீட்டர் உள்ளே போகாமல் போகலாம். தமனிகள் படத்தில் தெரியச் சாயமருந்து செலுத்தப்படுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் முன்பு ஏற்பட்ட ஒவ்வாமையையும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கவோ சர்க்கரைக்கோ மாத்திரை உட்கொள்பவர்கள், எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். தாமாக நிறுத்துவது ஆபத்து.

சிகிச்சையின்போது பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். இருபுறத் தமனிகளையும் அடைக்க வேண்டியிருப்பதால், ஓரிரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்து, அடுத்த சில நாட்கள் கனமான பொருள் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

அதன்பின் சில நாட்கள் சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல் ஆகியவை வரக்கூடும். இவற்றைக் கண்டு, சிகிச்சை தோற்றுவிட்டது என்று மனம் தளர வேண்டாம். நிம்மதி வாரக்கணக்கில்தான் தெரியத் தொடங்கி, மூன்று மாதமளவில் நிலைபெறுகிறது. ஆனால் சிறுநீர் அடியோடு நின்றாலும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வெளியேறினாலும், துளையிட்ட இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரிதாக, உருண்டைகள் வழிமாறி சிறுநீர்ப்பை, மலக்குடல் அல்லது ஆண்குறியின் தமனிக்குள் போய்ப் புண் உண்டாக்குவதால், அங்கே கடும் வலியோ மலத்தில் இரத்தமோ தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

சிறுநீர் வேகத்தைக் கூட்டுவதில் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சையே பொதுவாக முந்துகிறது. விந்து வெளியேற்றம் கெடும் வாய்ப்போ தமனி அடைப்பில் குறைவு. இவ்விரண்டில் உங்களுக்கு எது முக்கியம் என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பின்னாளில் தொல்லை திரும்பினாலும் அறுவை சிகிச்சைக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை.