கண்ணில் வளரும் சதை: ஊசியை நம்பிச் செய்யும் தவறுகள்

மூக்கை ஒட்டிய வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக ஏறும் இளஞ்சிவப்புச் சதையைக் கண்புரை என்று நினைத்துக்கொண்டு, "முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் வருவது. டெரிஜியம் எனப்படும் இந்தச் சதை கண்ணின் மேற்பரப்பில் வளர்வது. வெயில் காயும் நாடுகளில், வயலிலும் உப்பளத்திலும் கடலிலும் பாடுபடுகிறவர்களிடம் இது சகஜம்.

கருவிழியில், அதாவது கார்னியா எனப்படும் கண்ணாடி போன்ற முன்படலத்தில், இரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதம் அங்கேயும் உண்டு. ஆனால் அதைப் பிடித்து முடக்கிவைக்கும் இன்னொரு புரதமும் கூடவே இருக்கிறது. 2006இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். கருவிழியின் விளிம்பிலுள்ள செல்களைப் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது தூண்டும் பொருள்கள் கூடுகின்றன, தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. சதை குழாய்களோடு உள்ளே ஏறுகிறது.

இதைக் கேட்டதும் விஇஜிஎஃப்பை அடக்கும் ஊசியைப் போட்டால் கத்தியே வேண்டாமே என்று தோன்றும். பெரிய தவறு இதுதான். 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பெவாசிசுமாப் என்ற அத்தகைய மருந்தை இந்தச் சதையிலும் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு சில வாரங்களுக்குத் தணிகிறது, குழாய்கள் மெலிகின்றன, சதை போவதில்லை. அதில் குழாய் மட்டுமா இருக்கிறது? நார்த்திசுவும் இருக்கிறது. அதை வளர்க்கும் காரணிகள் வேறு.

சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுவது இன்னொரு தவறு. காயம் ஆறுவதற்கே உடல் விஇஜிஎஃப்பைச் சுரக்கும் என்பதால், வெறுமனே விட்ட இடத்தில் சதை முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். நோயாளியின் மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய படலம் எடுத்து அங்கே ஒட்டும் முறையில் இந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செலவு கொஞ்சம் கூடினாலும் ஒட்டு வைப்பதையே கேட்டு வாங்குங்கள்.

சதையின் நீளத்தை மட்டும் பார்த்து எடைபோடவும் கூடாது. அதற்கு அடியிலுள்ள குழாய்கள் தெளிவாகத் தெரிந்தால் அது மெல்லியது. அவை மறைந்துபோகும் அளவுக்குத் தடித்திருந்தால், எடுத்த பிறகும் திரும்பும் அபாயம் அதிகம்.

சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்துகள் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். விட்டதும் சிவப்பு கூடும். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது கண் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பையே கெடுக்கும்.

கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்பதும் அரைகுறைப் பாதுகாப்பே. பக்கவாட்டிலிருந்து நுழையும் ஒளியைக் கருவிழி வளைத்து மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. சதை பெரும்பாலும் அங்கேயே தோன்றுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கங்களையும் மூடும் கண்ணாடி வேண்டும்.

புரையும் சதையும் சேர்ந்திருப்பவர்கள் புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸுக்கு அவசரப்பட்டு அளவெடுத்துவிடுகிறார்கள். பெரிய சதை கருவிழியின் வளைவை மாற்றியிருக்கும். அதை எடுத்து, வளைவு நிலைப்பட்ட பிறகே அளவு சரியாக வரும்.

வெட்டிய சதையைக் குப்பையில் போட விடாதீர்கள். கண் மேற்பரப்பில் வரும் புற்றுநோய் சில நேரம் இதே தோற்றத்தில் இருக்கும்; திசுப் பரிசோதனையில்தான் வித்தியாசம் தெரியவரும்.