கீபோர்டில் வந்த ‘டிக்’ சத்தமும் ஸ்கெட்யூட்டிலும்

மே மாதம், வேளச்சேரி, பழைய லேப்டாப். அதில் ஓடும் சிந்தசைசர் மென்பொருளில்தான் அக்காவின் இசைக் கீபோர்டுக்குச் சத்தம் வர வேண்டும். ஒற்றை ஸ்வரம் அருமையாக வரும், நாலு விரலைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் ‘டிக் டிக்’ என்று கரகரப்பு. ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தே ஒரு சாயங்காலம் போச்சு.

கடைசியில் பார்த்தால் காரணம், லினக்ஸில் சிபியு வேகத்தை ஏற்றி இறக்கும் ‘கவர்னர்’; என் லேப்டாப்பில் இருந்தது ‘ஸ்கெட்யூட்டில்’ (schedutil) என்ற கவர்னர் (2016இல் 4.7 கெர்னலோடு வந்தது). ஒரு வேலை சமீபத்தில் எவ்வளவு சிபியு தின்றது என்று ஸ்கெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) வைத்திருக்கும் கணக்கைப் பார்த்துத்தான் அது வேகத்தை ஏற்றும். அந்தக் கணக்கு பாதி உயரவே 32 மில்லிசெகண்ட் ஆகும், என் ஆடியோ பஃபரோ (ஒரு தடவைக்குத் தயாராக வேண்டிய சத்தத் துண்டு) 256 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் ஐந்தே சொச்சம் மில்லிசெகண்ட். வேகம் ஏறுவதற்குள் அந்தத் துண்டைத் தர வேண்டிய கெடு தாண்டிவிடும், அதுதான் ‘டிக்’.

எப்போதும் உச்ச வேகத்தில் வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் கவர்னருக்கு மாற்றினேன், கரகரப்பு போனது, ஆனால் ஃபேன் மிக்சி மாதிரி கத்தியது, மின்விசிறியே அனல் காற்று வீசும் ஊரில் இது வேறா! ஸ்கெட்யூட்டிலிலேயே சிந்தசைசருக்கு ரியல்டைம் முன்னுரிமை (மற்ற வேலைகளை முந்தி ஓடும் உரிமை) கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதை, அந்த வேலை எழும்போதெல்லாம் ஸ்கெட்யூட்டில் உச்ச வேகத்துக்கே போய்விடும்.

அப்புறம் கவர்னரை பழையபடி ஸ்கெட்யூட்டிலுக்கே மாற்றிவிட்டு, யூகிளாம்ப்செட் (uclampset) கட்டளையில், அந்த சிபியு கணக்கு குறைந்தது இவ்வளவு என்று ஸ்கெட்யூட்டில் எடுத்துக்கொள்ளும் கீழ் வரம்பை 1024க்கு 512 என்று வைத்து சிந்தசைசரை மட்டும் அதன் வழியாகத் திறந்தேன். 300 போதவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். இப்போது அக்கா வாசிக்கும்போது மட்டும் ஃபேன் லேசாக முனகுகிறது.