நடிகரின் குணத்தை ஷூட்டிங் ஸ்பாட்டில் கணிப்பது எப்படி?

ஊட்டிக்குச் சீசனில் வருகிறவர்களும் சரி, இங்கேயே டாக்சி ஓட்டுகிறவர்களும் சரி, நடிகரைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். செல்ஃபிக்கு நின்றால் தங்கமான மனுஷன், நிற்காமல் போனால் தலைக்கனம். இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பிப் போகும். ரசிகரோடு சிரித்து நிற்பது அவருடைய தொழிலில் ஒரு பகுதி. எதிரே கேமரா இருக்கும்போது யாரும் முகம் கொடுத்துத்தான் பேசுவார்கள். குணத்தைப் பார்க்க வேண்டிய இடம் வேறு.

திரையில் பார்த்த முகத்தை முதலில் மறந்துவிடுங்கள். எம்.என். நம்பியார் சின்ன வயதில் ஊட்டியில் படித்தவர். 13 வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். படத்தில் வில்லனாக அவர் கையைப் பிசைந்தாலே தியேட்டரில் சாபம் கொடுத்தார்கள். அதே மனிதர் வாழ்நாளெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டு, குருசாமியாகப் பலரை மலையேற்றி அழைத்துப் போனார். ஒரு விஷயத்தில் பிடித்துப்போனவருக்கு எல்லா விஷயத்திலும் மார்க் போடுகிற பழக்கம் மனுஷனுக்கு உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை வைத்து அவர் அதைக் காட்டினார். அழகான கதாநாயகி அன்பானவராகத்தான் இருப்பார் என்று நாம் நினைப்பதும் இந்தப் பழக்கம்தான்.

அடுத்தது, நாளைத் தேர்ந்தெடுப்பது. யூனிட் மலையேறி வந்த முதல் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வந்தவருக்கு அன்றைக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். பாட்டுக்கு நாலு முறை ஆடினாலே மூச்சு வாங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த புல்லில், யூனிட் முழுக்க ஸ்வெட்டரும் குல்லாவுமாக நிற்க, ஹீரோயின் மட்டும் மெல்லிய சேலையில் நிற்பார். அந்த நேரத்துச் சிடுசிடுப்பைக் குணம் என்று எழுதினால் அநியாயம். சூழ்நிலையின் குற்றத்தை ஆளின்மேல் போடுகிற தவறு இது. மூன்றாவது நாளிலிருந்து பாருங்கள்.

மூன்றாவது நாளிலும் பார்க்கவேண்டியது ஷாட்டை அல்ல, ஷாட்டுக்கு நடுவே வரும் காத்திருப்பை. மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கினால் பைக்காராவிலோ ஷூட்டிங் மேட்டிலோ வேலை அப்படியே நின்றுவிடும். இயக்குநர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், லைட்மேன்கள் ஸ்டாண்டைப் பிடித்தபடி நனைவார்கள். நடிகர் கேரவனுக்குள் போய்விட்டால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். மேக்கப் கலைந்தால் எல்லாருக்கும்தான் நேரம் போகும். பனி விலகிக் கூப்பிட்டதும் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று பாருங்கள். மலையில் வெளிச்சம் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதில் இருபது நிமிடம் ஒருவர் தாமதித்தால் அறுபது பேர் குளிரில் நிற்கவேண்டும். அடுத்தவர் குளிர் தனக்குப் படுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

குடையையும் கவனியுங்கள். தூறலில் உதவியாளர் நடிகருக்குக் குடை பிடித்து நடப்பார். ஷாட்டுக்கு முன்னால் குடை முழுக்க நடிகர் பக்கம் சாய்ந்திருந்தால் அது வேலை. தலைமுடி நனைந்தால் கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பது, போய்விடும். அன்றைய வேலை முடிந்து பேக்கப் சொன்ன பிறகு அதே இருவர் காருக்கு நடக்கும்போது பாருங்கள். உதவியாளரின் வலது தோள் இன்னும் சொட்டச் சொட்ட நனைகிறதா, இல்லை குடையின் கம்பு நடுவுக்கு வந்திருக்கிறதா? இதைப் போலச் சுத்தமான தடயம் வேறு கிடைப்பது அபூர்வம். அந்த நேரம் யாரும் படம் எடுப்பதில்லை. அவருக்கும் லாபம் ஒன்றும் இல்லை.

நீங்களும் போனை வெளியே எடுக்காதீர்கள். போன் தூக்கினால் நடத்தை மாறிவிடும், பார்த்ததற்கு மதிப்பில்லாமல் போகும். கேமராவுக்குப் பின்னால், சாப்பாட்டு வண்டி நிற்கும் பக்கமாக ஒதுங்கி நின்றால் போதும்.

பவுன்சர் தள்ளியதை நடிகர் கணக்கில் எழுதும் முன், அவர் அதைப் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்தும் மறுநாள் அதே தள்ளுமுள்ளு நடந்தால் எழுதலாம். பேட்டா எனும் தினப்படி பாக்கியும் அப்படித்தான். அது புரொடக்‌ஷன் மேனேஜர் கையில் இருக்கிற சமாச்சாரம்.

கார் ஓட்டியவர், ரூம் பாய், டச்சப் செய்பவர், குதிரைக்காரர் ஆகியோரிடம் விசாரிக்கும்போது "அவர் எப்படிண்ணா, நல்லவரா?" என்று கேட்டால் "ரொம்ப நல்ல மாதிரி" என்றே பதில் வரும். அடுத்த படத்துக்கும் அவர்களுக்கு வேலை வேண்டுமே. நடந்ததைக் கேளுங்கள்: "உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராண்ணா?", "வண்டி லேட்டான அன்னைக்கு என்ன சொன்னார்?", "டேக் சொதப்பினது யாரு, கோபம் யார் மேல போச்சு?" கடைசிக் கேள்விதான் முக்கியம். தன் தப்புக்குத் தன்னையே நொந்துகொள்கிறவரையும், தன் தப்புக்கு லைட்மேனைத் திட்டுகிறவரையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. தேதியும் இடமும் கட்டாயம். முதல் பத்தியில் வெவ்வேறு நாளில் மூன்று சம்பவமாவது சேராமல் முடிவுக்கு வராதீர்கள். அந்த மூன்றும் ஒரே ஆளிடம் காட்டிய அன்பாக இருந்தால் அதுவும் போதாது; பழைய மேக்கப்மேனிடம் குழைகிறவர் ஜூனியர் ஆர்ட்டிஸ்டிடம் எரிந்துவிழலாம்.

யூடியூபில் பார்த்துக் கணிப்பதானால் பட விளம்பரப் பேட்டிகளை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் வரிசையாகக் கொடுத்தவை அவை, பதிலெல்லாம் ஒப்பித்தது. இருபது விநாடித் துண்டு வந்தால் முழு வீடியோவைத் தேடி, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். பேட்டி எடுப்பவர் திணறும்போது நடிகர் கைகொடுத்தாரா, கேலி செய்தாரா என்பது மட்டும் நோட்டில் ஏறலாம்.

கணித்ததை ஊருக்குச் சொல்வதில் கவனம் தேவை. முதல் பத்தியில் இருப்பதைத் தவிர வேறெதையும் பெயர் போட்டு எழுதாதீர்கள். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட, டிரைவர் சொன்னதை அவர் அடையாளம் தெரியும்படி எழுதினால் போவது அவர் பிழைப்பு.

அதே நடிகர் இரண்டு வருஷம் கழித்து, படம் ஓடியோ ஓடாமலோ, கொடைக்கானலுக்கோ குன்னூருக்கோ மறுபடி வருவார். பழைய பக்கத்தை அடிக்காமல், புதிய தேதி போட்டு அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.