புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: தேர்வுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்
பாம்பனில் மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்று நாள் முழுக்கப் பேசும் பிள்ளைகள்தான். ஆனாலும் சமூக அறிவியல் தேர்வில் வரைபடத்தைக் கொடுத்தால், இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. "படிச்சுட்டுத்தான் சார் போனேன்" என்பார்கள். பொய்யில்லை. பெயர் அச்சடித்த வரைபடத்தைப் பத்துத் தடவை பார்த்திருப்பார்கள். வெற்று வரைபடத்தில் ஒரு தடவைகூடக் குறித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதையே தெரிந்ததாக மனது எடுத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு மாணவரும் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார். இன்னொரு பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்த பாடம்தான் முந்தியது: நினைவில் நின்றது 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கதை மாறியது. இரண்டு முறை படித்ததில் நினைவில் நின்றது 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56.

அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் குறியுங்கள். மறுநாள் சிவப்பிலிருந்து தொடங்கலாம். எழுத அலுப்பாக இருந்தால் அம்மாவிடம் வாயால் சொல்லுங்கள். அவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்குப் புரிய வைக்க முயலும்போதே நாம் தடுமாறும் இடம் தெரிந்துவிடும். வலை பின்னப் பழகிய பிள்ளைக்கு இது தெரிந்த சங்கதி. அப்பா பின்னுவதை எத்தனை நாள் பார்த்தாலும், ஊசியைத் தானே பிடித்துப் பார்க்காமல் முடிச்சு கைக்கு வராது.

கணக்கிலும் இதே தவறு நடக்கிறது. கைடில் இருக்கும் விடையைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, கணக்கைப் போடுவது வேறு.

அடுத்தது, எல்லாவற்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார். இன்று படித்ததை நாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று தடவை படிப்பதைவிட இது நன்றாகத் தங்கும்.

தூக்கம் பற்றிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகிற வீட்டில் பின்னிரவிலேயே விளக்கு எரியும், பிள்ளையும் எழுந்துவிடும். அப்படியானால் இரவு ஒன்பதுக்கே படுக்க விடுங்கள். படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பக்கமும் வெட்டாதீர்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். கை வலிக்கும், இரண்டு பெரிய கேள்வி விட்டுப்போகும். எந்தக் கேள்வி நேரத்தைத் தின்றது என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு இன்னொரு தாளை எடுங்கள்.